காதைக் குத்தும் ஸ்பீக்கர்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நல்ல ஸ்டீரியோ ஸ்பீக்கர் வாங்கியவர்கள் என்னிடம் சொல்லும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான்: "ஒலி தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் காதைக் குத்துகிறது. அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை." அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: கேபிளை மாற்றுவதா, ஆம்ப்ளிஃபையரை மாற்றுவதா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். இந்தப் புகாருக்காக நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் ட்வீட்டர் (உயர் ஒலியை எழுப்பும் சிறு பகுதி) தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது. சில வீடுகளில் அறை அந்த ஒலியைச் சுவருக்குச் சுவர் எறிந்து விளையாடியது. மற்றவற்றில் பேஸ் (கீழ் ஒலி) எங்கோ தொலைந்துபோய், மிச்சமிருந்த ட்ரெபிள் (உயர் ஒலி) மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறியின் கீழும் காசு செலவில்லாத சோதனைகளை முதலிலும், பணம் கேட்கும் வேலைகளைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

முதலில் எந்தப் பக்கம் போவது?

நன்றாகப் பழகிய மூன்று பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பெண் குரல், மிருதங்கமோ தவிலோ முன்னால் ஒலிக்கும் ஒரு பதிவு, யாராவது வெறுமனே பேசும் ஒரு பதிவு. நாதஸ்வரத்தை வைத்துத் தொடங்காதீர்கள். திறந்த வெளிக்கென்றே பிறந்த வாத்தியம் அது, மூடிய அறையில் நேரில் கேட்டாலும் கூசும். ஆம்பில் பேஸ், ட்ரெபிள் திருகுகள் நடுவில் இருக்கட்டும்.

வழக்கமான இருக்கையில் ஒரு முறை கேட்டுவிட்டு, வால்யூமை நன்றாகக் குறைத்து, ஒரு ஸ்பீக்கருக்கு அரை மீட்டர் முன்னால், காது ட்வீட்டரின் உயரத்துக்கு வரும்படி உட்கார்ந்து கேளுங்கள்.

அருகில் குத்தல் மறைந்து, இருக்கைக்குத் திரும்பியதும் வந்துவிட்டால் பிரச்சினை அறையில். அறிகுறி 1-க்குப் போங்கள்.

அருகிலும் குத்துகிறது, கூடவே ஒலி மெலிந்திருக்கிறது என்றால் அறிகுறி 2.

அருகில் எல்லாப் பதிவும் நன்றாக இருந்து ஒன்றிரண்டு மட்டும் குத்தினால் அறிகுறி 4.

ஒரு ஸ்பீக்கர் குத்துகிறது, மற்றது இல்லை என்றால் நேராக அறிகுறி 6.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். கம்பளம் விரித்து, ஸ்பீக்கரைத் திருப்பி, ட்ரெபிளையும் குறைத்துவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியவே தெரியாது.

அறிகுறி 1: எல்லாப் பாட்டும் குத்துகிறது, ஸ்பீக்கருக்கு அருகில் போனால் சரியாகிவிடுகிறது

இதுதான் மிகவும் பரவலானது. நம் வீட்டுக் கூடங்களின் கட்டுமானத்தைப் பாருங்கள்: தரையில் பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ், பட்டி பூசி வழவழப்பாக்கிய சுவர், தலைக்கு மேல் கான்கிரீட், ஒரு பக்கம் சறுக்குக் கண்ணாடி ஜன்னல், எதிர்ப் பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ். உயர் அதிர்வெண்ணை உறிஞ்சுவதற்கு சோபாவையும் உட்கார்ந்திருக்கும் மனிதரையும் தவிர வேறு எதுவுமில்லை.

கூடத்தின் நடுவில் நின்று கைகளைப் பலமாக ஒரு முறை தட்டுங்கள். தட்டிய பிறகு 'டிர்ர்ர்' என்று உலோக ஓசையோடு ஒரு வால் தொடர்ந்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி எகிறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த அறையில் எவ்வளவு விலையுள்ள ஸ்பீக்கரை வைத்தாலும் கொஞ்சம் குத்தத்தான் செய்யும்.

காசில்லாமல் செய்ய வேண்டியவை:

ஸ்பீக்கரின் திசை. பலரும் இரண்டு ஸ்பீக்கர்களையும் நேராகத் தங்கள் மூக்கை நோக்கித் திருப்பி வைத்திருப்பார்கள். ட்வீட்டரின் நேர்க்கோட்டில்தான் உயர் ஒலி மிகவும் பலமாக வரும். பக்கவாட்டில் விலக விலகக் குறையும். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் திருப்பி, ஸ்பீக்கரின் முகம் நேரே உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரைப் பார்க்கும்வரை கேட்டுப் பாருங்கள். நடுவில் எங்கோ ஓரிடத்தில் பாடகர் இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே உறுதியாக நிற்பார், குத்தலும் தணிந்திருக்கும். அந்த இடத்தில் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். வீடு பெருக்கும்போது எப்படியும் நகரும்.

உயரம். ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்துக்கு வர வேண்டும் என்பார்கள்; நாற்காலியைப் பொறுத்துத் தரையிலிருந்து 90 முதல் 100 செ.மீ. கூர்மையான ஸ்பீக்கர் என்றால் சற்று ஏறியோ இறங்கியோ இருப்பதே நல்லது. ஸ்பீக்கரின் முன் விளிம்புக்கு அடியில் இரண்டு ரப்பர் புஷ் வைத்து, முகம் லேசாக மேல் நோக்கும்படி சாய்த்துப் பாருங்கள். வேறுபாடு உடனே தெரியும்.

துணி முகப்பு. அழகுக்காகக் கழற்றி வைத்திருக்கும் கிரில்லைத் திரும்ப மாட்டுங்கள். பல ஸ்பீக்கர்களில் மேல் முனை சற்று அடங்கும். கிரில்லைக் கழற்றினால்தான் 'உண்மையான' ஒலி என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. கிரில்லோடு கேட்பதற்கென்றே ஒலி சமன் செய்யப்பட்ட ஸ்பீக்கர்களும் உண்டு.

இவற்றால் தீராவிட்டால் வீட்டில் இருப்பதை வைத்து ஒரு சோதனை. மெத்தை ஒன்றைத் தூக்கி வந்து, ஸ்பீக்கருக்கும் இருக்கைக்கும் நடுவில் தரையில் போடுங்கள். இன்னொன்றைப் பக்கச் சுவரில் சாய்த்து வையுங்கள். எந்த இடத்தில் என்பதைக் கண்ணாடி சொல்லும்: நீங்கள் இருக்கையில் அமர்ந்திருக்க, வேறொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்தட்டும். கண்ணாடியில் ட்வீட்டர் எந்த இடத்தில் தெரிகிறதோ அங்கேதான் ஒலி பட்டு உங்கள் காதுக்குத் திரும்புகிறது. மெத்தையை வைத்ததும் குத்தல் குறைந்தால் இனிச் செலவு செய்யலாம், எங்கே என்றும் தெரிந்துவிட்டது. குறையவில்லை என்றால் கம்பளம் வாங்கிப் பயனில்லை. அடுத்த அறிகுறியைப் பாருங்கள்.

செலவு செய்வதென்றால் தரையில் தொடங்குங்கள். பவானி ஜமக்காளம் பார்க்க அழகு, ஆனால் மெல்லியது. உச்ச அதிர்வெண்ணில் ஒரு துளியை மட்டும்தான் எடுக்கும். தடித்த இழைக் கம்பளமும் அதன் அடியில் ஃபெல்ட் விரிப்பும் வேண்டும். ஜன்னலுக்குக் கனமான திரை, அதுவும் ஜன்னல் அகலத்தைப் போல் இரு மடங்கு துணி எடுத்து மடிப்பு விழும்படி. இழுத்து நேராகக் கட்டிய மெல்லிய திரை இருந்தும் இல்லாததும் ஒன்று. பின்சுவரில் ஒரு திறந்த புத்தக அலமாரி வைத்து, புத்தகங்களை ஒரே வரிசையாக அடுக்காமல் முன்னும் பின்னுமாக விட்டால் எதிரொலி சிதறும்.

அடுத்த படி, கண்ணாடி காட்டிய இடங்களில் ராக்வூல் (கல் இழை) பலகை. 50 மி.மீ. கனம், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி உள்ளது போதும். மரச் சட்டத்தில் பொருத்தி, காற்றுப் புகும் துணியால் மூடி, சுவருக்கும் பலகைக்கும் இடையே ஐந்து செ.மீ. இடைவெளி விட்டு மாட்டினால் இன்னும் நன்றாக வேலை செய்யும். வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். இழை தோலில் பட்டால் அரிப்பு அடங்க நேரமாகும்.

முட்டை அட்டை வேண்டாம். தெர்மோகோல் அறவே வேண்டாம். அது ஒலியை உறிஞ்சாது. இணையத்தில் மலிவாக விற்கும் ஒரு அங்குல ஃபோம் துண்டுகளைச் சுவர் முழுக்க ஒட்டுவது வேறு வகையில் தவறு: உயர் ஒலியை மட்டும் தின்றுவிட்டு, அதற்குக் கீழே உள்ள நடு, கீழ் ஒலிகளில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடும். அறை மந்தமாகவும் இருக்கும், முழங்கவும் செய்யும். அந்த வகை ஃபோம்களில் பல எளிதில் தீப்பற்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிபுணரை எப்போது அழைப்பது? கம்பளமும் திரையும் பலகையும் போட்ட பின்னும் கைதட்டலின் வால் நின்றபாடில்லை என்றால். இரட்டை உயரக் கூடம், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, திறந்த சமையலறையோடு சேர்ந்த நீண்ட ஹால் போன்றவற்றுக்கும் அறை ஒலியியல் தெரிந்தவர் மைக் வைத்து அளந்தால்தான் தீர்வு கிடைக்கும். அளக்காமலேயே பலகை எண்ணிக்கையைச் சொல்பவரை நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

அறிகுறி 2: குத்துகிறது, கூடவே பேஸும் இல்லை

நான் முதலில் சந்தேகப்படுவது எப்போதும் இதைத்தான். ட்ரெபிள் அளவாகவே இருந்தாலும் கீழே தாங்க பேஸ் இல்லாவிட்டால், உப்பு சரியாக இருந்தும் புளி விட மறந்த குழம்பு போல ஏதோ தூக்கலாகவே தெரியும்.

ஒயர் மாறியிருக்கிறதா? ஆம்பை அணைத்துவிட்டு நான்கு முனைகளையும் பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு சிவப்புக்கும், மற்றதில் சிவப்பு கறுப்புக்கும் போயிருந்தால் பேஸை எழுப்பும் இரண்டு வூஃபர்களும் எதிரெதிராக அசைந்து பேஸைத் தின்றுவிடும். அடையாளம்: செய்தி வாசிப்பவரின் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவி, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. இரு இழைகளும் ஒரே நிறத்தில் உள்ள ஒயராக இருந்தால், ஒயரை ஆம்பின் பக்கத்திலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பு என்று நீங்கள் நினைக்கும் இழையிலும் எதிர்முனையை மற்றதிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். வூஃபர் கூம்பு முன்னால் வந்தால் சரி. இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே பக்கம் அசைய வேண்டும், அவ்வளவுதான். ஆம்பில் மாட்டியபடியே இதைச் செய்யாதீர்கள்.

ஜம்பர் தகடு. சில ஸ்பீக்கர்களின் பின்னால் இரண்டுக்குப் பதில் நான்கு திருகுகள் இருக்கும். மேல் ஜோடி ட்வீட்டருக்கு, கீழ் ஜோடி வூஃபருக்கு. இரண்டையும் இணைக்கும் பித்தளைத் தகடு தளர்ந்திருந்தால், ஒயர் மேல் ஜோடியில் மாட்டப்பட்ட ஸ்பீக்கரில் ட்வீட்டர் மட்டும் பாடிக்கொண்டிருக்கும். அலமாரிக்குள் வைத்த ஸ்பீக்கர்களில் இது மாதக்கணக்கில் கண்ணில் படாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். தகடு திருகுக்கு அடியில் கருத்துப்போய்ச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். வூஃபர் கூம்பில் விரல் நுனியை மெதுவாக வையுங்கள். அதிர்வே தெரியவில்லை என்றால் தகட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, திருகை நன்றாக இறுக்குங்கள்.

ரிசீவரின் மெனு. ஹோம் தியேட்டர் ரிசீவரில் ஸ்பீக்கர் 'ஸ்மால்' என்றும், சப்வூஃபர் (பேஸுக்கென்றே உள்ள தனிப் பெட்டி) 'உண்டு' என்றும் பதிவாகி, உண்மையில் சப்வூஃபரே இல்லை அல்லது அணைந்து கிடக்கிறது என்றால், வழக்கமாக 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள பேஸ் முழுவதும் போக இடமின்றிக் காணாமல் போகும். சப்வூஃபர் 'இல்லை' என்று மாற்றுங்கள், ஸ்பீக்கர் தானாக 'லார்ஜ்' ஆகிவிடும். ஐந்து நொடி வேலை.

இடம். சிறிய புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரை அதன் பின்னால் உள்ள சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்திருந்தால், 30 செ.மீ. வரை நெருக்கிக் கொண்டுவாருங்கள். சுவர் பேஸுக்குக் கை கொடுக்கும். உங்கள் நாற்காலி அறையின் மிகச் சரியான நடுவில் இருந்தால் அதுவும் குற்றவாளிதான். சில பேஸ் சுரங்கள் அந்த இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அரை மீட்டர் முன்னோ பின்னோ நகர்த்திக் கேளுங்கள்.

பழைய ஸ்பீக்கரா? கிரில்லைக் கழற்றி வூஃபரின் விளிம்பைப் பாருங்கள். ஃபோம் விளிம்பு நம் வெப்பத்திலும் ஈரக் காற்றிலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பொடிந்து உதிரத் தொடங்கிவிடும். விரல் பட்டாலே கறுப்புப் பொடி ஒட்டும். ரப்பர் விளிம்பு என்றால் கவலை குறைவு. பொடிந்திருந்தால் வாசிப்பதை நிறுத்துங்கள், கூம்பு பக்கவாட்டில் அலைந்து, அதை அசைக்கும் கம்பிச் சுருளான காயிலும் கெட்டுவிடும். விளிம்பை மட்டும் மாற்ற முடியும். வேலை தெரிந்தவர்கள் சென்னை ரிச்சி தெருப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். பசையும் விளிம்பும் வாங்கி நீங்களே செய்ய ஆசை வரும். கூம்பை நடுவில் நிறுத்திப் பழக்கமில்லாதவர் செய்தால் காயில் உரசும். இதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

அறிகுறி 3: வால்யூமைக் கூட்டும்போது மட்டும் குத்துகிறது

அளவான ஒலியில் இனிமையாக இருந்து, விருந்தினர் வந்த நாளில் மட்டும் கீச்சிட்டால் ஆம்ப்ளிஃபையர் மூச்சு வாங்குகிறது. தன்னால் முடிந்ததைத் தாண்டிக் கேட்டால் அது அலையின் தலையை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட அலையில் உயர் அதிர்வெண் பெருகும், அது நேரே ட்வீட்டருக்குப் போகும். இதைத் தொடர்ந்து செய்தால் ட்வீட்டர் காயில் எரியும்.

திருகு பாதியில்தானே இருக்கிறது என்ற வாதம் செல்லாது. பல ஆம்புகள் கடிகாரத்தின் 12 மணி, 2 மணி நிலைக்குள்ளேயே முழுத் திறனை எட்டிவிடும். முதலில் பேஸ் பூஸ்ட், லவுட்னஸ் பொத்தான், ஃபோனில் உள்ள ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணையுங்கள். அதற்குப் பின் கிடைப்பது உண்மையான அளவு.

லேப்டாப் அடாப்டர் போன்ற ஒன்றில் ஓடும் சிறிய டிஜிட்டல் ஆம்புகளை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெட்டியில் 100 வாட் என்று அச்சிட்டிருக்கலாம். 19 வோல்ட் அடாப்டரில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு பக்கம் ஏறத்தாழ 20 வாட்தான் சுத்தமாகக் கிடைக்கும். கணக்கு அப்படித்தான் வருகிறது. அந்த ஆம்ப் ஏற்கும் உச்ச மின்னழுத்தத்தைப் பார்த்து, அதற்கேற்ற பெரிய அடாப்டர் போட்டாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்திருக்கிறது. இவற்றில் சில, ஸ்பீக்கரின் ஓம் மதிப்பைப் பொறுத்து 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைச் சற்று உயர்த்தியும் விடும். அப்படியானால் எல்லா வால்யூமிலும் மெல்லிய கூர்மை இருக்கும். நண்பரின் சாதாரண ஆம்ப் ஒன்றை ஒரு மாலை இரவல் வாங்கி ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

குறைந்த வால்யூமிலும் கரகரப்பு வரத் தொடங்கிவிட்டதா? ட்வீட்டர் காயமடைந்துவிட்டது. ஆம்ப் சூடாகி நிற்கிறது, எரிந்த வாடை வருகிறது, ஒரு சானல் மட்டும் கரகரக்கிறது என்றால் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். அணைத்த பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும், மூடியைத் திறக்காதீர்கள்.

அறிகுறி 4: சில பாட்டுகளில் மட்டும்

ஸ்பீக்கருக்கு வாழ்த்துச் சொல்லுங்கள், உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. அதே பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். அங்கும் கூசினால் பதிவே அப்படி. 128 கேபிபிஎஸ் எம்பி3 கோப்புகளில் தாளச் சத்தமும் சிம்பலும் தண்ணீர் சலசலப்பது போல் கரைந்திருக்கும். அதே பாட்டை நல்ல தரத்தில் தேடி எடுங்கள். உரப்பைக் கூட்டிக் கூட்டி நசுக்கப்பட்ட 'ரீமாஸ்டர்' பதிப்புகளைவிடப் பழைய பதிப்பு காதுக்கு இதமாக இருக்கலாம்.

அதிகம் பேர் அறியாத ஒன்று: 1980களில் வெளிவந்த சில சிடிகளில், குறிப்பாக ஜப்பானில் அச்சானவற்றில், உயர் ஒலியை வேண்டுமென்றே உயர்த்திப் பதிந்திருப்பார்கள். பிளேயர் அதற்கான குறியீட்டைப் படித்துத் திரும்பக் குறைத்துவிடும். கணினியில் ரிப் செய்யும்போது அந்தக் குறியீடு தவறிவிட்டால் உச்சியில் 10 டெசிபல் அளவுக்கு ட்ரெபிள் மிஞ்சி நிற்கும். சிடி பிளேயரில் இனிமை, ரிப் செய்த கோப்பில் கூர்மை என்றால் இதுதான் காரணம். டி-எம்ஃபசிஸ் (உயர்த்தியதைத் திரும்பக் குறைப்பது) செய்யும் வசதியுள்ள மென்பொருளில் கோப்பை மாற்றிக்கொள்ளலாம்.

அறிகுறி 5: 'ச', 'ஸ', 'ஷ' ஒலிகள் சீறுகின்றன

எல்லா மூலங்களிலும் சீறினால் அறிகுறி 1-இல் உள்ள திசை, உயரம் இரண்டும் முதலில். டிவியிலிருந்து வரும்போது மட்டும் என்றால், டிவியின் மெனுவில் குரலைத் தெளிவாக்கும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள்.

இசைத்தட்டில் மட்டும் என்றால் வேலை ஊசியில் இருக்கிறது. தட்டின் வெளி வட்டத்தில் நன்றாக இருந்து, உள்ளே போகப் போகச் சீறினால் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் அமைவு பிசகியிருக்கிறது, அல்லது ஊசி தேய்ந்திருக்கிறது. ஊசி நுனியைச் சிறு தூரிகையால் பின்னிருந்து முன்னாக மட்டும் துடையுங்கள். அழுத்தத்தைச் சிறு டிஜிட்டல் தராசில் அளந்து, கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல் பாதியில் வையுங்கள். குறைவான அழுத்தம் தட்டுக்கு நல்லது என்பது தவறு, ஊசி துள்ளித்தான் தட்டு கெடும். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் பிளேயர் கையின் பின்புறம் தூக்கி நிற்காமல், தட்டுக்கு இணையாக இருக்கட்டும்.

ஒலி மெலிதாக, சன்னமாக, பேஸே இல்லாமல் வெறும் கூர்மையாக வந்தால் ஃபோனோ பிரீஆம்ப் இல்லாமல் நேராக ஆக்ஸில் மாட்டியிருக்கிறீர்கள். தட்டில் பேஸைக் குறைத்தும் ட்ரெபிளை உயர்த்தியும்தான் வெட்டியிருப்பார்கள்; அதைத் திருப்பிச் சரிசெய்வது அந்தப் பெட்டியின் வேலை. மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜுக்கு 47 கிலோஓம் உள்ளீடு. கெப்பாசிட்டன்ஸ் தேர்ந்தெடுக்கும் சிறு சுவிட்ச் இருந்தால் குறைந்த மதிப்பில் தொடங்குங்கள்.

அறிகுறி 6: ஒரு பக்கம் மட்டும்

ஆம்பை அணைத்து, ஆம்பின் பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றி மாட்டுங்கள். குத்தல் இப்போது மறு ஸ்பீக்கருக்குப் போய்விட்டால் குற்றம் ஆம்பிலோ அதற்கு முன்னாலோ. அதே ஸ்பீக்கரில் நின்றால், இரண்டு பெட்டிகளையும் தூக்கி இடம் மாற்றுங்கள். இப்போது குத்தல் பெட்டியோடு போகிறதா, அதே மூலையில் நிற்கிறதா? மூலையில் நின்றால் அந்தப் பக்கத்துக் கண்ணாடி ஜன்னலோ வெறும் சுவரோதான் காரணம், அறிகுறி 1.

பெட்டியோடு போனால், எப்போதாவது ட்வீட்டர் மாற்றினீர்களா என்று யோசியுங்கள். கடையில் "இதுவும் எட்டு ஓம்தான்" என்று கொடுத்த வேறு ட்வீட்டர் பொருந்தும், பாடும், ஆனால் அதன் உணர்திறன் மூன்று நான்கு டெசிபல் கூடுதலாக இருந்தால் அந்தப் பக்கம் கத்தும். அசல் உதிரி கிடைக்காவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாற்ற வேண்டும். ட்வீட்டர் மாற்றியதே இல்லை என்றால் உள்ளே, ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் பலகையில் கோளாறு இருக்கலாம், அல்லது சீறுவதாக நீங்கள் நினைக்கும் பெட்டி நலமாக இருந்து மற்றதன் ட்வீட்டர் செத்திருக்கலாம். ஒரு காகிதக் குழாயைக் காதில் வைத்து இரண்டு ட்வீட்டர்களையும் தனித்தனியே கேட்டுவிடுங்கள். கிராஸ்ஓவர் பலகை என்றால் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவரிடம்.

அறிகுறி 7: நேற்றுவரை நன்றாக இருந்தது

வீட்டில் என்ன மாறியது? துவைக்கப் போன திரை, மாடிக்குப் போன கம்பளம், துணி சோபாவுக்குப் பதில் வந்த ரெக்ஸின் சோபா, வெள்ளையடிக்க நகர்த்தி வைத்த ஸ்பீக்கர். மின்வெட்டுக்குப் பிறகு ரிசீவர் பழைய அமைப்பை மறந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

ரிசீவர் மைக் வைத்து அறையைத் தானே அளந்து ஒலியைத் திருத்தும் தானியங்கி அளவீடு செய்த பிறகு கூர்மை வந்தது என்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட வளைவைக் கவனியுங்கள். ஆடிசி என்னும் அளவீட்டு வசதி உள்ள ரிசீவர்களில் 'ஃபிளாட்' என்பதைவிட 'ரெஃபரன்ஸ்' உச்சியில் தணிவானது. யமஹாவின் அதே போன்ற வசதியான ஒய்பாவோவில் 'ஃபிளாட்' குத்தினால் 'நேச்சுரல்' இருக்கிறது. இருக்கையில் அளக்கும்போது பேஸிலிருந்து ட்ரெபிள்வரை சமமட்டக் கோடு கிடைத்தால் அது நல்லது என்று தோன்றும். காதுக்கு அது கூர்மையாகவே கேட்கும். மெல்லக் கீழிறங்கும் சரிவுதான் இயல்பு.

அறிகுறி 8: எந்த ஸ்பீக்கரிலும், எந்த வீட்டிலும்

நண்பர் வீட்டிலும் குத்துகிறது, பேருந்து ஹாரன் வலிக்கிறது, சமையலறையில் தட்டு விழுந்தால் காதைப் பொத்திக்கொள்கிறீர்கள் என்றால் கருவிகளை விட்டுவிட்டுக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். காதில் இடைவிடாத இரைச்சலோ, ஒரு காதில் மட்டும் கேட்கும் மாற்றமோ சேர்ந்திருந்தால் தள்ளிப்போட வேண்டாம். செவித்திறன் திடீரென்று குறைந்தால் அன்றே போக வேண்டும்.

அறிகுறி 9: எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் லேசாகக் கூர்மை

இப்போது ட்ரெபிள் திருகைத் தொடலாம். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். திருகு இருப்பது திருகத்தான். 'டைரக்ட்' பொத்தான் இயங்கினால் திருகுகள் வேலை செய்யாது, அதை முதலில் அணையுங்கள். விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ மென்பொருள் இலவசம்; வைம் போன்ற ஸ்ட்ரீமர்களில் பாராமெட்ரிக் ஈக்வலைசர் (அதிர்வெண்ணையும் அகலத்தையும் நாமே குறிக்கும் வகை) உள்ளேயே இருக்கிறது. 3 கிலோஹெர்ட்ஸை மையமாக வைத்து, அகலத்தைக் குறிக்கும் க்யூ மதிப்பு 1 ஆக, இரண்டு டெசிபல் குறைத்துக் கேளுங்கள். குரலின் குத்தல் அடங்கி, சிம்பல் மட்டும் இன்னும் பளிச்சென்று இருந்தால் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதையெல்லாம் சேர்த்துக் குறைக்கும் ஒரு ஷெல்ஃப் வைத்து இன்னும் ஒன்றரை டெசிபல். ஐந்தாறு டெசிபல் குறைத்தால்தான் சரியாகிறது என்றால் மேலே எதையோ தவறவிட்டிருக்கிறீர்கள்.

ட்வீட்டருக்கு முன்னால் டிஷ்யூ காகிதம் ஒட்டும் வித்தையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு ஒரு வரலாறே உண்டு. யமஹா 1978-இல் வீட்டுக்கென்று வெளியிட்ட என்எஸ்-10 ஸ்பீக்கர் ஒலிப்பதிவுக் கூடங்களில் பரவியபோது, அதன் கூர்மை தாங்காமல் பொறியாளர்கள் ட்வீட்டர் மேல் டிஷ்யூ தொங்கவிட்டார்கள். பின்னர் நிறுவனமே ட்வீட்டரைத் தணித்து ஸ்டுடியோ வடிவம் ஒன்றை வெளியிட்டது. ஒரு மாலைச் சோதனைக்கு இது நல்லது. நிரந்தரத் தீர்வு அல்ல, உச்ச ஒலி சீராகக் குறையாமல் மேடுபள்ளமாகும்.

நிரந்தரம் வேண்டுமென்றால் ட்வீட்டருக்கு முன்னால் இரண்டு மின்தடைகள். 8 ஓம் ட்வீட்டரை 2 டெசிபல் தணிக்க, தொடரில் 1.6 ஓம் அளவும், ட்வீட்டருக்குக் குறுக்கே 31 ஓம் அளவும். 3 டெசிபலுக்கு 2.3 ஓமும் 19 ஓமும். கடையில் கிடைக்கும் அருகிலுள்ள மதிப்பு போதும், 10 வாட் வகை வாங்குங்கள். தொடரில் ஒன்றை மட்டும் போட்டு நிறுத்தினால் கிராஸ்ஓவர் பிரியும் இடம் நகர்ந்துவிடும், அதனால்தான் இரண்டு. இவை கிராஸ்ஓவருக்கும் ட்வீட்டருக்கும் நடுவில் வர வேண்டும். சால்டரிங் பழக்கம் இல்லாவிட்டால் மெக்கானிக்கிடம் இந்த எண்களை எழுதிக் கொடுங்கள், அரை மணி நேர வேலை. வாரன்டி இருக்கும் பெட்டியைத் திறக்காதீர்கள்.

இதற்கும் மசியாத ஸ்பீக்கரை விற்றுவிடலாம். அடுத்ததை வாங்கும்போது கடையின் கம்பளமிட்ட டெமோ அறையில் கேட்டு முடிவு செய்யாமல், ஒரு வார இறுதிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து கேட்க அனுமதி கேளுங்கள். கடைக்காரர் மறுத்தால், முன்பணம் கொடுத்துத் திருப்பித் தரும் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்கிறாரா என்று பாருங்கள். மின்தடை வைத்த பழைய ஜோடியை விற்பதென்றால், அதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் வீட்டுக் கூடத்தில் சோபாவும் கம்பளமும் நிறைந்திருந்தால் அவர் முதலில் கழற்றப்போவது அந்த மின்தடைகளைத்தான்.